நாலாம் கிணற்றில் எதைப் பூட்டினார்?

2024 பெப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழும்பினேன். முற்றம் கூட்டினேன், பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டேன், இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன், ஏழேகாலுக்குச் சைக்கிளை வெளியே எடுத்தேன். கொக்குவிலில் என் வீட்டுக்கும் எங்கள் அறைக்கும் நடுவே ரயில் கடவை இருக்கிறது. அன்று அதில் காத்து நிற்க வேண்டி வரவில்லை. அறைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி வெளியே வைத்தேன். ஜன்னல்களைத் திறந்தேன். கணினித் திரைகளைத் துணியால் துடைத்தேன். சுவர் மணிக்கூட்டைக் கணினி நேரத்தோடு ஒப்பிட்டேன். இரவு முறை பார்த்தவர் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டேன்: மூன்று கிணறுகள் சரி, நாலாம் கிணறு திருத்த வேலையில்.

என் நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தின் மேல்பாதியில் இவ்வளவுதான் இருக்கிறது. புதிதாக அறைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கெட்ட நாள் கெட்ட முகத்தோடு வரும் என்று காத்திருக்காதீர்கள். அதுவும் இடியப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் வரும்.

உங்களில் சிலர் என்னைக் கண்டதில்லை. பாலைவனத்து எண்ணெய் வயல் ஒன்றில் பல வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி, அதே வயலின் கிணறுகளைக் கொக்குவிலில் இருந்தபடியே கண்காணிக்க இந்த மேல்மாடி அறை திறக்கப்பட்டபோது இதற்குப் பொறுப்பாக இருந்தேன். சென்ற வருடம் ஓய்வு பெற்றேன். இருந்த காலம் முழுவதும் என் வேலை என்னவென்று ஒழுங்கையில் ஒருவருக்கும் சரியாக விளங்கவில்லை. "கிணறு பாக்கிறது" என்று சொல்லிவந்தேன். ஒருநாள் பக்கத்து வளவுப் பெரியவர் எங்கள் வேலிப் படலையடிக்கு வந்தார்.

"பிள்ளை, எங்கடை கிணறும் கொஞ்சம் உவருது. ஒருக்கா வந்து பாருமன்."

"ஐயா, நாங்கள் பாக்கிறது வேறை கிணறு. அதிலை அள்ளுறதில்லை, உள்ளை விடுறது."

"உள்ளை விடுறதோ? அப்ப ஏன் மினக்கெட்டு வெட்டினவை?"

அவருக்குச் சொன்ன விளக்கத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் மூலமான எண்ணெய் நிலத்திலிருந்து வரும்போது தனியாக வருவதில்லை. கூடவே காபனீரொட்சைட்டும் ஐதரசன் சல்பைட்டும் கலந்த ஒரு வாயு வரும். முன்பு அதை எரித்து வானத்துக்கு விட்டார்கள். இப்போது அதைப் பிரித்து, நெருக்கி, ஏறக்குறைய திரவம்போல ஆக்கி, எண்ணெய் எடுத்து முடிந்த பழைய பாறைக்குள்ளேயே ஆழமாகத் திருப்பி அனுப்புகிறோம். எழுதும்போது அமில வாயு, கதைக்கும்போது காஸ். வந்த இடத்துக்கே அதைத் திருப்பி அனுப்பி, அது அங்கேயே கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்கள் வேலை. பெரியவர் கேட்டுவிட்டு, "நல்ல வேலைதான். ஊத்தையைக் கொண்டுபோய் ரோட்டிலை கொட்டாமல் தன்ரை வளவுக்கையே புதைக்கிறது" என்றார். எங்கள் தொழிலைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வாயுவிலுள்ள ஐதரசன் சல்பைட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை மணக்கும். கூடினால் மூக்கு மரத்துப்போய் மணமே வராது. மணமில்லைத்தானே என்று ஒரு மூச்சு இழுத்தவன் இரண்டாவது மூச்சு இழுக்க மாட்டான். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

அன்று தொலைபேசி இணைப்பில் நான்கு பேர் இருந்தோம். கொக்குவில் அறையில் நானும் அச்சுவேலியாரும். பாலைவனத்தில் நாலாம் கிணற்றடியில் பண்டத்தரிப்பார். அங்கிருந்து நல்ல தூரத்தில், வாயுவை நெருக்கி அனுப்பும் கொம்பிரசர் நிலையத்தில், கடலூர்க்காரர். எங்கள் ஆட்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் பிறந்தபோது வைத்த பெயர் மறைந்துவிடும், ஊர்தான் பெயராகும். கடலூர்க்காரர் தமிழ்நாட்டுக்காரர் என்றாலும் அவருக்கும் அதே மரியாதையைக் கொடுத்தோம். அவர் எங்களைவிட வயதில் மூத்தவர், பகிடி விடாதவர். நாங்கள் கதைப்பதில் பாதி தனக்கு விளங்குவதில்லை என்று வெளிப்படையாகச் சொல்வார்.

எழுத்து வேலை எல்லாம் ஆங்கிலத்தில். வாய்க்கு எந்தக் கட்டுப்பாடும் இருக்கவில்லை. நால்வரும் தமிழில் கதைத்தோம். அதில் எங்களுக்கு ஒரு சந்தோசம் இருந்தது. இத்தனை வருடம் வெளிநாட்டில் எல்லாரோடும் எல்லா மொழியும் கதைத்துவிட்டு, ஒரு பெரிய வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எங்களுடைய வாயால் செய்வது சின்ன விசயமில்லை.

வேலை இதுதான். நாலாம் கிணற்றுக்கு வரும் குழாயில் இரண்டு வால்வுகள். ஒன்று கொம்பிரசர் நிலையத்திலுள்ள வாசல் வால்வு. மற்றது கிணற்றுக்குப் பக்கத்திலுள்ள கிணற்றடி வால்வு. கிணற்றடி வால்வு பழுது. வாசல் வால்வை மூடி, அதற்கு ஒரு பூட்டுப் போட்டு, குழாயை வெறுமையாக்கி, கிணற்றடி வால்வைக் கழற்றித் திருத்தி, திருப்பி அதே இடத்தில் வைக்க வேண்டும். பண்டத்தரிப்பாரோடு வேறு இரண்டு பெடியள். குழாய் வெறுமை என்று உறுதியானதால் மூவரும் முகமூடிகளைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தார்கள். அது விதிப்படி சரியே. அந்த வெயிலில் முகமூடியோடு நட்டு முறுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நாலாம் கிணறு நின்றிருந்ததால் அதன் பங்கு காஸையும் இரண்டாம் கிணறே விழுங்கிக்கொண்டிருந்தது. கிணற்றில் குழாய்க்குள் குழாய் இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள இடுக்கின் அழுத்தம் அசையாமல் நிற்க வேண்டும். பத்து மணிபோல அது ஏறத் தொடங்கியது. வேகமாக இல்லை. ஆனால் இறங்கவும் இல்லை. உள்குழாய் எங்காவது ஓட்டையாகி காஸ் இடுக்குக்குள் வந்தாலும் அப்படி ஏறும். வெறும் சூட்டினாலும் ஏறும். திரையில் இரண்டும் ஒரே கோடுதான்.

"அக்கா, உது ஏறுது" என்றார் அச்சுவேலியார்.

"பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"நாலாம் கிணறு கெதியா வந்தால் பாரத்தை அங்கை மாத்தலாம்."

அவசரத்துக்கு இரண்டாவது காரணமும் இருந்தது. பண்டத்தரிப்பாருக்கு அன்றிரவு பிளேன். வெள்ளிக்கிழமை, பெரியபிள்ளையான அவருடைய மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. மண்டபம், வீடியோக்காரர், சமையல்காரர் என்று எல்லாம் அவர் பாலைவனத்திலிருந்தே ஒழுங்கு செய்திருந்தார். காலையிலிருந்து அச்சுவேலியார் அவரை விடவில்லை.

"பண்டத்தரிப்பார், மாமன்மார் எல்லாம் கனடாவிலையிருந்து வந்து இறங்கிட்டினமாம். அப்பன்காரன்தான் இன்னும் நட்டு முறுக்கிறார் எண்டு ஊரிலை கதை."

"கதைக்கட்டும். மாமன்மாருக்குத் தோளிலை சால்வை போட ஆள் வேணுமெல்லோ, அதுக்கு நான் வந்திடுவன்."

"ஐஸ்கிறீம் இருக்கோ?"

"இருக்கு. உமக்கில்லை."

எல்லாரும் நல்ல மனநிலையில் இருந்தோம். அனுமதிப் பத்திரம் பின்னால் வரட்டும், வாய்ச்சொல்லில் வேலையைத் தொடர்வோம் என்று நால்வரும் ஒத்துக்கொண்டதும் அந்த நல்ல மனநிலையில்தான். பகைமையில் நடக்கும் பிழைகளைவிட நட்பில் நடக்கும் பிழைகள் அதிகம் என்பது என் அனுபவம். பகைவனிடம் இரண்டு தரம் கேட்போம். சிநேகிதனிடம் கேட்க வெட்கப்படுவோம்.

பதினொன்றரை இருக்கும். நான் கேட்டேன்:

"பண்டத்தரிப்பார், கிணத்தடி வால்வு பூட்டியாச்சோ?"

"ஓம் அக்கா, பூட்டியாச்சு."

"வடிவாப் பூட்டியாச்சோ?"

"நல்ல வடிவா. போட்டோ எடுத்து அனுப்பலாம்."

எங்கள் ஒழுங்கில் கிணற்றடி வால்வை மூடுவது கடைசி வேலை. அதற்கு முன்பு நட்டு முறுக்கி, நைதரசன் விட்டு, ஒழுக்கு இருக்கிறதா என்று சோதித்திருக்க வேண்டும். ஆகவே அந்த ஒரு சொல்லோடு மற்ற எல்லாமும் முடிந்ததாக அறையில் நாங்கள் எடுத்துக்கொண்டோம். இனி வாசல் வால்வின் பூட்டைக் கழற்றிக் கொஞ்சமாகத் திறந்து, கிணற்றடி வால்வுவரை காஸை நிரப்புவதுதான் மிச்சம். பண்டத்தரிப்பார் பதில் சொன்ன கையோடு ஹெட்செற்றைக் கழுத்தில் இறக்கிவிட்டுப் பெடியளோடு கதைக்கத் திரும்பியது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"கடலூர் அண்ணை, கிணத்தடி பூட்டியாச்சாம். நீங்கள் வாசல் வால்வைத் திறக்கலாம்" என்றேன்.

"மேடம், ஒரு சந்தேகம்" என்றார். "அவர் எதைப் பூட்டினார்?"

"கிணத்தடி வால்வை."

"அதான் எப்படின்னு கேக்கறேன். இந்த வேலைக்கு எடுத்த பூட்டு ஒண்ணே ஒண்ணு. அது வாசல் வால்வுல தொங்குது, நான் பாத்துக்கிட்டே நிக்கறேன். சாவி என் சட்டைப் பையில இருக்கு. அப்ப அவர் எந்தப் பூட்டைப் போட்டார்?"

அச்சுவேலியார் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். "அக்கா, உவருக்கு எங்கடை தமிழ் விளங்கேல்லை. ஆமைப்பூட்டைத் தேடுறார். பூட்டினதெண்டால் மூடினதெண்டு சொல்லிவிடுங்கோ. உங்கை ரெண்டாம் கிணறு இன்னும் ஏறுது."

நானும் அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அண்ணை, பூட்டினது எண்டால்" என்று தொடங்கினேன். அந்த வசனத்தை முடிக்க முடியவில்லை. பூட்டினது என்றால் என்ன? எங்கள் ஊரில் கதவை மூடினால் பூட்டினது. தண்ணிப் பைப்பை நிறுத்தினால் பூட்டினது. ஆனால் முகட்டில் புது மின்விசிறி மாட்டினாலும் பூட்டினதுதான். கிணற்றில் மோட்டரை வைத்து இணைத்தாலும் பூட்டினதுதான். காலையிலிருந்து ஒரு வால்வைத் தூக்கி இடத்தில் வைப்பதே வேலையாக இருக்கும் மனிதனிடம் "வால்வு பூட்டியாச்சோ" என்று கேட்டால், அவருடைய காதில் எந்தப் பூட்டு விழும்?

நான் வயலில் வேலை பழகிய காலத்தில் எனக்கு மேலே இருந்தவர் ஒருநாளும் "மூடியாச்சா" என்று கேட்டதில்லை. "உன் கண்ணுக்கு இப்போது என்ன தெரிகிறது" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்வி எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். செய்த வேலையைச் சொன்னால் கேட்க மாட்டாரோ என்று முணுமுணுப்போம். செய்ததைச் சொல்லும்போது மனிதன் தன் எண்ணத்தைச் சொல்கிறான், பார்ப்பதைச் சொல்லும்போது வால்வைப் பற்றிச் சொல்கிறான் என்பது எனக்கு அன்று கொக்குவிலில் கதிரையில் இருந்தபோதுதான் முழுதாக விளங்கியது.

"பண்டத்தரிப்பார்," என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். "அந்த வால்வின்ரை கைபிடி எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்குது?"

"கைபிடியோ அக்கா? கைபிடி இன்னும் போடேல்லை. அது வாகனத்துக்கை கிடக்கு."

அச்சுவேலியாரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் சத்தம் நின்றுவிட்டது. கைபிடி இல்லாத வால்வை எப்படி மூடுவது?

"கடலூர் அண்ணை, வாசல் வால்விலை கை வையாதேங்கோ."

"வைக்கல மேடம். பூட்டு பூட்டாவே இருக்கு."

"பண்டத்தரிப்பார், நட்டெல்லாம் முறுக்கியாச்சோ?"

"கையாலை ஏத்தி விட்டிருக்கு. முறுக்கிற சாமான் எடுக்கப் பெடியன் வாகனத்தடிக்குப் போயிட்டான். ஏனக்கா, என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்டும் நடக்கேல்லை. பெடியளையும் கூப்பிட்டு, மூண்டு பேரும் முகமூடியைப் போட்டுக்கொண்டு காத்து வாற பக்கமாப் போய் நில்லுங்கோ. ஏனெண்டு பேந்து சொல்லுறன்."

அவர் பெடியளைக் கூப்பிடும் சத்தம் இணைப்பில் கேட்டது. கடலூர்க்காரர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் பூட்டைக் கழற்றியிருந்தால், கையால் ஏற்றிய நட்டுகளுக்கூடாகக் காஸ் பீறிட்டிருக்கும். முகமூடி இல்லாமல் மூன்று பேர் அந்தக் கிணற்றடியில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வெள்ளிக்கிழமை மகளைச் சடங்கு மேடைக்கு அழைத்துப்போக வேண்டியவர்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதற்கு அடுத்ததைப் பற்றித்தான். ஒரு பிழையைப் பிடித்துவிட்ட கையோடு மனதுக்குள் ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சில் அடுத்த பிழை வந்து குந்தும். இரண்டாம் கிணறு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

"இப்ப என்ன செய்யிறது?" என்றார் அச்சுவேலியார். "நாலாம் கிணறு பின்னேரம்வரை வராது."

"அப்ப காஸ் வாறதைக் குறைப்பம்."

"காஸைக் குறைக்கிறதெண்டால் எண்ணெயைக் குறைக்க வேணும். தலைமை அலுவலகம் குதிக்கும்."

"குதிக்கட்டும். சூடோ ஓட்டையோ எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. தெரியாமல் அதுக்கு மேலை பாரம் ஏத்த ஏலாது."

கடலூர்க்காரரிடம் சொன்னேன். அவர் ஒரே சொல்லில் "சரி" என்றார், எண்ணெய் வரத்தைப் பாதியாக்கினார். நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு ஏறுவதை நிறுத்தியது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. காஸ் குறையக் குழாய் ஆறியது, குழாய் ஆற அழுத்தம் ஆறியது. பின்னேரம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் அது வெறும் சூடு, கிணற்றில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தது. அப்படியென்றால் எண்ணெயைக் குறைத்தது வீணா என்று என்னிடம் பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள். வீணில்லை. சூடு என்று தெரிந்துகொண்டதே குறைத்ததால்தான்.

மூன்று மணிபோல தலைமை அலுவலகத்துப் பாதுகாப்பு அதிகாரி இணைப்பில் வந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். அவர் நல்ல மனிதர், கத்தவில்லை. கேட்டுவிட்டு, இனிமேல் இணைப்பில் ஆங்கிலம் மட்டும் என்று ஒரு கட்டளை போட்டால் விசயம் முடிந்தது என்றார். நியாயமாக மறுக்க நான் ஒரு காரணம் தேடினேன். பிழை எங்கள் தமிழில்தானே வந்தது?

கடலூர்க்காரர்தான் பேசினார், நிதானமான ஆங்கிலத்தில். "ஐயா, ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அவர் 'டன்' என்று சொல்லியிருப்பார். எனக்கு அது நன்றாக விளங்கியிருக்கும். நான் திறந்திருப்பேன். இவர்களுடைய தமிழ் எனக்கு அரைகுறையாக விளங்கியதால்தான் கேட்டேன். மொழியை மாற்றாதீர்கள். அந்த ஒரு சொல்லை மாற்றுங்கள்."

அதிகாரி, நாளை காலை நாலாம் கிணறு திறக்கும்போது ஒவ்வொரு செயலுக்கும் ஒரே ஒரு சொல் இருக்க வேண்டும், அது எல்லாருக்கும் ஒரே பொருளைத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு எங்களைத் தமிழிலேயே விட்டார். பாரதூரமான ஒன்றிலிருந்து மயிரிழையில் தப்பிய பிறகு மனிதர்களுக்கு வரும் சிரிப்பு ஒன்று இருக்கிறது. அன்று பின்னேரம் எங்களுக்கு அது வந்தது. அச்சுவேலியார் கீழே கடைக்குப் போய் வடையும் பால் விடாத பிளேன்ரீயும் வாங்கி வந்தார். பண்டத்தரிப்பார் வாகனத்துக்குள் இருந்தபடி இணைப்பில் இருந்தார். சொல் தேடத் தொடங்கினோம்.

"மூடுறதுக்கு மூடு எண்டே வைப்பமே?" என்றேன்.

"வேண்டாமக்கா," என்றார் பண்டத்தரிப்பார். "காத்தடிக்கேக்கை இந்த லைனிலை மூடும் மூண்டும் ஒண்டாத்தான் கேக்கும். மூண்டாம் கிணத்தை மூடு எண்டால் நான் என்ன செய்யிறது?"

"அப்ப அடை."

"அடைன்னா எங்க ஊர்ல சுட்டுத் தின்னுவோம்" என்றார் கடலூர்க்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவால்ல. கிணத்தடியில யாரும் அடை சுட மாட்டாங்க. வைங்க" என்றார். அவர் பகிடி விட்டதை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அது பகிடி என்று விளங்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இடத்தில் வைப்பதற்குப் பொருத்து என்று ஒத்துக்கொண்டோம். முறுக்குவதும் சோதிப்பதும் தனித்தனிச் சொற்களாகச் சொல்லப்பட வேண்டும். ஒன்றைச் சொன்னால் மற்றதும் முடிந்ததென்று யாரும் எடுக்கக் கூடாது.

"திறப்பை என்ன செய்யிறது?" என்றார் அச்சுவேலியார்.

"திறப்புன்னா திறக்கறதுதானே?" என்றார் கடலூர்க்காரர்.

"இல்லையண்ணை. நீங்கள் சாவி எண்டுறதை நாங்கள் திறப்பு எண்டுதான் சொல்லுறது."

கடலூர்க்காரர் விடவில்லை. "அப்ப காலையில நான் சாவி என்கிட்ட இருக்குன்னு சொன்னதை, நீங்க யாராவது 'திறப்பு கடலூரிட்டை இருக்கு'ன்னு சொல்லியிருந்தா?"

"நீங்கள் திறந்துபோட்டியள் எண்டு நினைச்சிருப்பியள்" என்றார் அச்சுவேலியார்.

"நானே திறந்துட்டேன்னு நானே நினைச்சிருப்பேனா?"

பண்டத்தரிப்பார் சிரித்த சிரிப்பில் எங்கள் ஒலிபெருக்கி கரகரத்தது. சாவி என்றே வைத்தோம். கடைசியாகப் பூட்டு என்ற சாமானுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, ஏனென்றால் பூட்டு என்ற சொல்லே இனி இணைப்பில் வரக் கூடாது. அச்சுவேலியார் ஆமைப்பூட்டு என்று தொடங்கிவிட்டு, அதிலும் பூட்டு இருப்பதைக் கண்டு நாக்கைக் கடித்தார்.

"ஆமைன்னா, அந்த ஆமையா?" என்று கேட்டார் கடலூர்க்காரர்.

"ஓம். ஓட்டோடை ஊருற ஆமைதான். அதின்ரை வடிவிலை இருக்கிறபடியாலை அந்தப் பேர்."

"அப்ப பின்பாதியை விட்டுடுங்க. வெறும் ஆமைன்னே வைங்க. பாலைவனத்துல ஆமையை யாரும் வேற எதோடயும் குழப்ப முடியாது."

அப்படித்தான் அந்தச் சொல் எங்கள் அறைக்கு வந்தது. உங்களில் ஒருவர் சென்ற கிழமை அதைக் கேட்டுச் சிரித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். சிரியுங்கள், ஆனால் மாற்றாதீர்கள். அச்சுவேலியாருக்கு அதனால் வீட்டிலும் கரைச்சல் வந்தது. பழக்கதோசத்தில் மனைவியிடம் "படலையை அடையும்" என்றிருக்கிறார். அந்த அம்மா வேலி அடைக்கச் சொல்கிறார் என்று நினைத்து, "கிடுகு எங்கை?" என்று கேட்டாவாம்.

பண்டத்தரிப்பார் அன்றிரவு பிளேனை விட்டுவிட்டார். அடுத்த நாள் இரவுக்கு மாற்றினார். சடங்குக்கு முதல்நாள் வந்து சேரலாம். வாகனத்துக்குள் இருந்தே மனைவிக்கு அழைத்துச் சொன்னதாகப் பிறகு எங்களிடம் சொன்னார்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஏன் பிந்துது எண்டு கேட்டா. ஒரு சொல்லாலை பிந்துது எண்டன். ஆரோடை சண்டை பிடிச்சனீங்கள் எண்டு கேட்டா."

"உண்மையைச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான் அக்கா. பிந்தினாலும் பறவாயில்லை, முழுசா வாங்கோ எண்டா." அதோடு கடலூர்க்காரரையும் கூப்பிட்டார். "கடலூர் அண்ணை, நீங்களும் லீவு எடுத்துக்கொண்டு சடங்குக்கு வாங்கோவன். உங்களுக்கு ஐஸ்கிறீம் இருக்கு."

"எனக்குமோ?" என்றார் அச்சுவேலியார்.

"உமக்கும் தாறன். சிரிச்சுக்கொண்டு திறக்கச் சொன்ன ஆளுக்கு அரைவாசிதான்."

புதியவர்களே, உங்கள் அறையில் யாருக்காவது உங்கள் பேச்சுப் பாதி விளங்கவில்லை என்றால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விளங்காதவர் கேட்கும் கேள்வி முட்டாள்தனமாகத்தான் கேட்கும். அந்த வால்வு எப்படி நிற்கிறது என்று கேட்கும்படி என்னைத் தள்ளியது அந்தக் கேள்விதான். எல்லாருக்கும் எல்லாம் விளங்கும் அறையில் ஒரு நாளைக்கு நீங்களே வேற்றூர்க்காரராக மாறி, "எதைப் பூட்டினார்?" என்று கேட்க வேண்டி வரும். வெட்கப்படாமல் கேளுங்கள்.

பெப்ரவரி 21, புதன்கிழமை. அறைக்கு வந்ததும் ஜன்னலைத் திறக்கவில்லை, திரையைத் துடைக்கவில்லை. அச்சுவேலியார் எனக்கு முந்தியே வந்து இருந்தார். முதல் வேலையாக ஹெட்செற்றை மாட்டினேன்.

"பண்டத்தரிப்பார், கிணத்தடி வால்வு?"

"பொருத்தியாச்சு. முறுக்கியாச்சு. நைதரசன் விட்டுச் சோதிச்சாச்சு, ஒழுக்கில்லை. இப்ப அடைச்சிருக்கு. கைபிடி குழாய்க்குக் குறுக்கை நிக்குது, பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"பெடியள்?"

"முகமூடியோடை காத்து வாற பக்கம் நிக்கினம். நானும் அங்கைதான் போறன்."

"கடலூர் அண்ணை, வாசல் வால்வு?"

அவர் தொண்டையைச் செருமினார். பாதுகாப்பு அதிகாரியும் இணைப்பில் இருந்தார், மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"அடைச்சிருக்கு மேடம்," என்றார் கடலூர்க்காரர், பாராளுமன்றத்தில் பேசுகிறவர் மாதிரி. "அதுல ஒரு ஆமை இருக்கு. சாவி என் கையில இருக்கு. ஆமையை எடுக்கலாமா?"

அச்சுவேலியார் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டார். நான் திரையைப் பார்த்தபடி, குரல் ஆடாமல், "எடுங்கோ அண்ணை" என்றேன்.

"எடுத்தாச்சு. ஆமை என் பையில இருக்கு."